கன்று கறவைக்கு வரும் நேரம்: வாஷிங்டன் நேஷனல்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2025

அன்புள்ள நண்பர்களே,

வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் குடியிருந்துகொண்டு, கிரிக்கெட்டில் ஊறிய மூளையோடு பேஸ்பால் பார்க்கப் பழகி, இப்போது உள்ளூர்க்காரர்களுக்கே பாடம் எடுக்கும் அளவுக்குத் தேறிவிட்ட நம் கூட்டத்துக்குத்தான் இந்த மடல். போன சனிக்கிழமை விருந்தில் சாம்பார் ஆறிப்போகும் வரை ஒரே பேச்சு: நம் நேஷனல்ஸின் இளம் மட்டையாளர் ஜேம்ஸ் வுட்டை ட்ரேடு பண்ணிவிடலாமா, அதாவது வேறு அணிக்குக் கொடுத்துவிட்டுப் பதிலுக்கு வேறு வீரர்களை வாங்கிக்கொள்ளலாமா? "விலை இருக்கும்போதே தள்ளிவிடணும்" என்று ஒருவர் சொல்ல, பாதிப் பேர் தலையாட்டினீர்கள். வீட்டுக்காரர் முகத்துக்காக அன்று வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இதே கூட்டம் ஜூன் மாதம் என்ன பேசியது என்று ஞாபகம் இருக்கிறதா? ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை, ஏஞ்சல்ஸ் அணியோடு கலிஃபோர்னியாவில் ஆட்டம். என் வீட்டு ஹாலில் எட்டுப் பேர். வுட் மட்டையோடு வந்து நிற்கிறார், ஆறடி ஏழங்குலம். எதிரணிப் பக்கமிருந்து நான்கு விரல் நீள்கிறது. அடித்துவிடுவாரோ என்ற பயத்தில், பந்தே போட வேண்டாம், நீ முதல் தளத்துக்கு நடந்து போ என்று அர்த்தம். அவர் மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சாவகாசமாக நடந்தார். ஒரு தடவை இல்லை, அன்றைக்கு நான்கு தடவை! 2004இல் பெரிய மட்டையாளர் பேரி பாண்ட்ஸுக்கு நடந்ததற்குப் பிறகு யாருக்கும் ஒரே ஆட்டத்தில் அப்படி நடந்ததில்லை. "இந்தப் பையனை யாராவது தொட்டால் தெரியும் சேதி" என்று அன்று சோபாவிலிருந்து எழுந்து கத்தியவர்தான், சனிக்கிழமை விலை பேசிக்கொண்டிருந்தார். பெயர் சொல்லவில்லை. அவருக்குத் தெரியும்.

நடுவில் என்ன ஆனது? நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்காக ஜூலையில் வரும் இடைவேளைக்கு முன்னால் 24 ஹோம் ரன், நம் சிக்ஸர் மாதிரி. அதற்குப் பிறகு ஏழே ஏழு. சீசன் முழுக்க 220 தடவைக்கு மேல் பந்தை அடிக்க முடியாமலே ஸ்ட்ரைக் அவுட். சூடாக இருந்த மட்டை ஆறிவிட்டது, உண்மைதான். அதற்காக, ஜூனில் கும்பிட்ட கையாலேயே நவம்பரில் தராசு பிடிக்க வேண்டுமா? சூடாக இருந்தபோது பார்த்த வுட்டும் முழு வுட் இல்லை, ஆறிய பிறகு பார்த்தவரும் முழு வுட் இல்லை. 31 ஹோம் ரன் அடித்த, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிற 23 வயதுக்காரர். அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே மாதம்தான் சென்னை சூப்பர் கிங்ஸ் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்ஸும் ஒரு ஃபோரும் அடித்தவரைப் போய் அனுப்பலாமா என்று அன்று ராத்திரி பூரா நீங்கள் புலம்பினீர்கள். அந்தப் புலம்பல் சரியா தப்பா என்பதற்குள் நான் போகவில்லை. ஜடேஜாவுக்கு வயது 36. வுட்டுக்கு 23. ஜடேஜாவுக்காகச் சிந்திய கண்ணீரில் கொஞ்சம் இங்கேயும் மிச்சம் வைத்திருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வுட்டை விற்கலாம் என்று சொல்பவர்கள் எல்லோரும் உதாரணமாக எடுப்பது, 2022இல் நம் நட்சத்திர மட்டையாளர் ஹுவான் சோட்டோவைக் கொடுத்த ட்ரேடை. "அன்றைக்கு மனசைக் கல்லாக்கிக்கொண்டு விற்றோம், எத்தனை நல்ல பையன்கள் வந்தார்கள் பார்" என்கிறீர்கள்.

2022 ஆகஸ்ட் 1 அன்று நான் மைதானத்தில் இருந்தேன். நேவி யார்ட் ஸ்டேஷனில் இறங்கி நடக்கும்போதே என் மகள், அப்போது எட்டு வயது, சோட்டோவின் 22 எண் போட்ட சட்டையில் முன்னால் ஓடினாள். எதிரே நியூயார்க் மெட்ஸ், பந்து வீசியது நம் பழைய மேக்ஸ் ஷெர்சர். அவரையும் ட்ரே டர்னரையும் முந்தின வருஷம்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸுக்கு அனுப்பியிருந்தோம். அந்த ஷெர்சர் பந்தில் சோட்டோ ஒரு ஹோம் ரன் அடித்தார். மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். சுற்றிலும் இருந்த பெரியவர்கள் பாதிப் பேர் கை தட்டிக்கொண்டே கைபேசியையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு ட்ரேடுக்கான டெட்லைன். அதற்குள் ஆள் சான் டியேகோ அணிக்குப் போய்விட்டார், கூடவே இன்னொரு மட்டையாளர் ஜோஷ் பெல்லும். 2019 வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் இறுதித் தொடரின் நடுவில் 21வது பிறந்தநாள் கொண்டாடிய பையன், போகும்போது வயது 23. இப்போது வுட்டுக்கு இருக்கும் அதே வயது.

15 வருஷத்துக்கு 440 மில்லியன் டாலர் கொடுத்தோமே, அவர்தானே வேண்டாம் என்றார் என்பீர்கள். ஆமாம், வேண்டாம் என்றார். இரண்டரை வருஷம் கழித்து மெட்ஸிடம் அதே 15 வருஷத்துக்கு 765 மில்லியன் வாங்கினார். பேராசை என்று திட்டியவர்கள் கழித்துப் பாருங்கள். 325 மில்லியன் வித்தியாசம். அவருக்குக் கணக்கு தெரிந்திருந்தது, நமக்குத்தான் தெரியவில்லை.

அந்த ட்ரேடில் வந்தவர்கள் ஏப்ரம்ஸ், கோர், ஹாசல், சுசானா, லூக் வோய்ட், அப்புறம் இந்த வுட். நல்ல அறுவடைதான், மறுக்கவில்லை. மூன்று பேர் ஆல்ஸ்டார் ஆகிவிட்டார்கள். ஆனால் அணி? 2022இல் 107 தோல்வி. 2023இலும் 2024இலும் அச்சடித்தாற்போல் 91, 91. இந்த வருஷம் 96. ஒரு ட்ரேடு ஜெயித்ததா என்று அதில் வந்தவர்களின் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியுமா? அவர்கள் எந்த வருஷம் எதை ஜெயித்துக் கொடுத்தார்கள் என்றல்லவா பார்க்க வேண்டும்? கறவை மாட்டைக் கொடுத்துக் கன்றுகள் வாங்கினோம். மூன்று வருஷம் தீனி போட்டு வளர்த்தோம். அவை கறவைக்கு வரும் நேரத்தில் மறுபடி சந்தைக்கு ஓட்டிப்போய் இன்னும் சின்னக் கன்றுகள் வாங்கலாம் என்கிறீர்கள். இப்படியே போனால் பால் என்றைக்கு?

இந்த ஆட்டத்தில் எல்லாமே கடிகாரம்தான். பெரிய லீகில் ஆறு வருஷம் ஆடி முடிக்கும் வரை வீரர் அணியின் கைக்குள். முதல் மூன்று வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்சச் சம்பளம், அடுத்த மூன்று வருஷம் பேரம் பேசி ஏறும் சம்பளம், அதற்குப் பிறகு அவர் சுதந்திரப் பறவை. வுட் வந்தது 2024 ஜூலையில். 2030 வரை நம்மிடம்தான். ஐந்து முழு சீசன்! விற்கத் துடிப்பவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

சி.ஜே. ஏப்ரம்ஸ் வேறு கதை. 2028 முடிந்தால் அவர் கடிகாரம் நின்றுவிடும். அவரைக் கொடுத்து நல்ல பிட்ச்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், வருவார்கள் என்றால் கொடுக்கலாமா? எனக்கே இரண்டு மனசு. அதில் யாரோடும் மல்லுக்கு நிற்க மாட்டேன். எதையுமே விற்காமல் இறுக்கிப் பிடித்தாலும் வம்புதான். ஏஞ்சல்ஸ் 2023 ஜூலையில் தங்கள் நட்சத்திரம் ஓட்டானியைக் கொடுக்க மாட்டோம் என்று வைத்துக்கொண்டார்கள். சீசனும் போயிற்று, ஆளும் 700 மில்லியனுக்கு டாட்ஜர்ஸ் போனார், கையில் மிஞ்சியது புது இளம் வீரர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பு. ஆனால் ஓட்டானிக்கு அப்போது மிச்சம் இருந்தது இரண்டு மாதம். மறுபடியும் சொல்கிறேன், வுட்டுக்கு ஐந்து வருஷம்.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது, நம் அணிக்கே சொந்தமான கதை. 1965 டிசம்பரில் சின்சினாட்டி ரெட்ஸ் தங்கள் பெரிய மட்டையாளர் ஃபிராங்க் ராபின்சனை பால்டிமோருக்கு அனுப்பியது. அந்த வருஷமும் 33 ஹோம் ரன் அடித்திருந்தார். 30 வயதுதான், ஆனால் வயதான 30 என்றார் ரெட்ஸ் உரிமையாளர் பில் டிவிட். அடுத்த வருஷமே அந்த வயதானவர் 49 ஹோம் ரன் அடித்தார். சராசரி, ஹோம் ரன், ரன் சேர்ப்பு மூன்றிலும் லீகில் முதலிடம். பால்டிமோர் வேர்ல்ட் சீரிஸை நான்குக்குப் பூஜ்யம் என்று வென்றது. அதே ராபின்சன்தான் 2005இல் நேஷனல்ஸ் என்ற பெயரில் நம் அணி இங்கே வந்தபோது முதல் மேனேஜராக நின்றவர். அந்த வருஷத்திலிருந்தே பார்க்கிறேன் என்று பெருமை அடிக்கும் மூத்தவர்கள் நம்மில் இரண்டு பேர் உண்டு. விற்பதற்கு ஆதரவாக முதலில் கை தூக்கியதும் அவர்களே.

உரிமையாளர்கள் லெர்னர் குடும்பத்தின் நிலைமை எனக்குப் புரியாமல் இல்லை. 2019 டிசம்பரில் பிட்ச்சர் ஸ்ட்ராஸ்பர்க்குக்கு ஏழு வருஷம், 245 மில்லியன் எழுதிக் கொடுத்தார்கள். பாவம், காயத்துக்கு மேல் காயம் பட்டு, அதற்குப் பிறகு அவர் ஆடியது எட்டே ஆட்டம். சூடு கண்ட பூனை அப்புறம் அடுப்படிப் பக்கம் போகாது. ஆனால் அது பூனையின் கவலை. பூனைக்கு வக்காலத்து வாங்குவது நம் வேலையா? உரிமையாளர் எதைச் செலவழிக்க மாட்டார் என்று அவர் சொல்வதற்கு முன்னாலேயே நாம் முடிவு கட்டி, அதற்கு ஏற்றாற்போல் நம் ஆசையையும் கத்தரித்துக்கொள்கிறோம். ஹார்ப்பர் போனார், ரெண்டன் போனார், டர்னர் போனார், சோட்டோ போனார். ஒவ்வொரு தடவையும் நிர்வாகத்துக்கு முன்னால் நாமே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது அணி நிர்வாகத்துக்குப் புதிய தலைவர் பால் டோபோனி வந்திருக்கிறார், 35 வயது, பாஸ்டன் அணியிலிருந்து. அங்கே 2020இல் மூக்கி பெட்ஸை அனுப்பினார்கள், இந்த ஜூனில் டெவர்ஸை அனுப்பினார்கள். அது அவர் செய்த முடிவு என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய மட்டை ஒன்று போனால் ஊர் எப்படிக் கொதிக்கும் என்று கிட்டேயிருந்து பார்த்தவர். நம் ஊர் கொதிக்காது என்று அவர் நினைத்துவிடக் கூடாது, அதுதான் என் பயம். விருந்துகளில் நாமே விலைப்பட்டியல் வாசித்துக்கொண்டிருந்தால் அவர் வேறு எப்படி நினைப்பார்?

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த சனிக்கிழமை "வுட்டுக்கு என்ன கிடைக்கும்" என்று யாராவது ஆரம்பித்தால், "எந்த வருஷம் ஜெயிக்கப் போகிறோம்" என்று திருப்பிக் கேளுங்கள். அந்த வருஷம் 2030க்குள் வருகிறது என்றால், மேரிலாந்தில் இதே அணியைப் பார்த்து வளர்ந்த பையனை வேறு ஊருக்கு அனுப்ப ஒரு காரணமும் இல்லை. வராது என்றால், டிக்கெட்டுக்கு எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று உரிமையாளரிடம் கேட்க வேண்டியது வேறு கேள்வி.

மகளின் 22 சட்டை பரண் மேல் கிடக்கிறது. சோட்டோ மூன்று அணி மாறுவதற்குள் அது அவளுக்குச் சின்னதாகிவிட்டது. போன வாரம் 29 எண் வாங்கினோம், வுட்டுடையது. கடைக்காரப் பெண் அளவைப் பார்த்துவிட்டு, இது தொளதொள என்று இருக்குமே என்றார். இரண்டு அளவு பெரிதாகத்தான் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

ஏப்ரலில் பார்ப்போம். புளியோதரை என் பொறுப்பு.

அன்புடன்,
மேல்தட்டு வரிசையில் உங்களுக்குப் பின்னால் உட்காருபவன்