பதிவேட்டில் விடுபடும் தாய்மார்: சுகாதாரப் பணிமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும், கொழும்பு, கம்பஹா மாவட்டச் சுகாதார வைத்திய அதிகாரிகளுக்கும்

மதிப்பிற்குரியோரே,

பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், மியன்மார் நாடுகளிலிருந்து அடைக்கலம் தேடி வந்து, கொழும்பைச் சுற்றியும் நீர்கொழும்பிலும் வாடகை அறைகளில் இருக்கும் கர்ப்பிணிகளுக்காக எழுதுகிறோம். அரச வைத்தியசாலையில் பிள்ளை பெற அவர்களுக்குத் தடையில்லை. அதற்கு முந்திய மாதங்களும் பிந்திய ஆறு கிழமைகளுமே எங்கள் கவலை.

1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பலமே வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தர்தான். அவருடைய பதிவேடு வீட்டு முகவரியை வைத்து நடக்கிறது. இலங்கை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. இந்தக் குடும்பங்களுக்குச் சட்டப்படி வேலை செய்ய வழியில்லை. வாடகை கொடுக்க முடியாமல் அடிக்கடி அறை மாறுகிறார்கள். பழைய பிரிவு 'போய்விட்டார்' என்று எழுதுகிறது. புதிய பிரிவுக்கு அந்தத் தாய் வந்ததே தெரியாது. எட்டு வாரத்துக்குள் பதிய வேண்டிய தாய் ஏழாம் மாதத்தில் முதல் தடவையாகக் கிளினிக்குக்கு வருவது இப்படித்தான்.

ஆகவே முதலாவது கோரிக்கை: கர்ப்பிணியைக் கண்ட அன்றே பதியுங்கள். அன்றிரவு எங்கே படுப்பாரோ அதுவே முகவரி. தேசிய அடையாள அட்டை கேட்க வேண்டாம், ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தின் சான்றிதழ் எண் போதும், அதுவும் இல்லையென்றால் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். எச் 512 எனப்படும் கர்ப்பப் பதிவு அட்டையின் இரு பக்கத்தையும் அவருடைய கைப்பேசியிலேயே படமெடுத்துக் கொடுங்கள். அறை மாறினால் பழைய உத்தியோகத்தர் புதியவருக்கு அன்றே ஒரு அழைப்பு எடுக்கட்டும்.

அடுத்தது திகதி. பிழை அதிகம் நடப்பது இங்கேதான். ஆப்கான் பெண்கள் பலர் மாதவிடாய்த் திகதியைத் தங்கள் சூரிய ஆண்டுக் கணக்கில் சொல்வார்கள். அந்த ஆண்டு மார்ச் 21 அளவில் நவ்ரூஸோடு பிறக்கிறது. அதன் இரண்டாம் மாதம் சவ்ர். 'சவ்ர் 10' என்றால் ஏறத்தாழ ஏப்ரல் 30. அதை 'இரண்டாம் மாதம் 10' என்று கேட்டு பெப்ரவரி என எழுதினால் கர்ப்பம் 11 வாரம் கூடிவிடும். பிறகு வயிற்றின் உயரம் குறைவாகத் தெரியும், வளர்ச்சி குன்றிய பிள்ளை என்று பயப்படுவோம், நாள் கடந்துவிட்டதென்று வலி வரவைக்கவும் முற்படுவோம். நோன்பையும் பெருநாளையும் அடையாளமாக வைத்துக் கேளுங்கள்: 'பெருநாளுக்கு முன்னமா, பின்னமா?' 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பிழை ஒரு கிழமைக்குள் அடங்கும். 28 வாரம் தாண்டினால் மூன்று கிழமை வரை போகலாம். பிந்தி வருபவரின் அட்டையில் 'திகதி நிச்சயமில்லை' என்று தெளிவாக எழுதிவையுங்கள். வார்டில் முடிவெடுப்பவருக்கு அந்த இரண்டு சொல் வேண்டும்.

கணவனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பிள்ளைகளை ஒருபோதும் வேண்டாம். முந்திய கருச்சிதைவு, வீட்டில் அடி, குடும்பக் கட்டுப்பாடு ஆகிய மூன்றுக்கும் கணவனுக்கு முன்னால் உண்மைப் பதில் வராது. உருது, தாரி, பஷ்தோ, ரோஹிங்கியா பேசும் பெண்களின் தொலைபேசிப் பட்டியல் ஒன்று ஒவ்வொரு பணிமனையிலும் லேபர் றூமிலும் இருக்கட்டும். அவர்களுக்கு ஒரு கொடுப்பனவும் வேண்டும். ஒலிபெருக்கியில் போட்டு, ஒரு தடவைக்கு ஒரே கேள்வி கேளுங்கள். விளங்கியதைத் தாயே திருப்பிச் சொல்லட்டும், தலையாட்டுவது பதிலாகாது. சிசேரியனுக்கு ஒப்பம் வாங்கும்போது இது கட்டாயம். சிங்களப் படிவத்தில் விளங்காமல் கையெழுத்து வைத்த அனுபவம் தமிழருக்கு நிறைய உண்டு. அந்த நிலையை இன்னொருவருக்கு நாம் கொடுக்கலாகாது.

இரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து கொடுத்து நாலு கிழமையில் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், 'மாத்திரை குடிக்கவில்லை' என்று ஏசுவதற்கு முன் இரண்டு விசயம் பாருங்கள். கல்சியத்தோடோ தேநீரோடோ சேர்த்து எடுத்தால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. கல்சியத்தைப் பகல் சாப்பாட்டோடும், இரும்பை விற்றமின் சீயுடன் இரவிலும் எடுக்கச் சொல்லுங்கள். மற்றது பரம்பரையாக வரும் இரத்தச்சோகை நோயான தலசீமியா. பாகிஸ்தானில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்கள் அதிகம், நெருங்கிய உறவில் திருமணமும் அதிகம். சிவப்பணு சிறுத்திருந்தால் கணவனின் இரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இரத்த வகை நெகடிவ் என்றால் பிரசவத்துக்குப் பின் 72 மணித்தியாலத்துக்குள் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று அட்டையில் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பின் முதல் 10 நாளில் இரண்டு தடவை வீட்டுக்குப் போக வேண்டும். தாய் வைத்தியசாலையிலிருந்து வீடு போகும்போதே முகவரியை உறுதிப்படுத்தாவிட்டால் இந்த வருகைகள் நடக்காது. ஒரு மணித்தியாலத்தில் ஒரு பாட் முழுக்க இரத்தத்தால் நனைந்தாலோ, காய்ச்சல், கடும் தலையிடி, கண் மங்கல் வந்தாலோ 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். அழைத்தாலும் இடம் சொல்லத் தெரியாதே! அறையின் முகவரியைச் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். பக்கத்து வீட்டார் வாசித்துச் சொல்வார்கள். பிறந்த பிள்ளையின் வாயில் தேன் தொட்டு வைப்பதை மென்மையாகத் தடுங்கள். நம் வீடுகளில் சேனை வைத்த கைகள்தானே நமதும். அந்த அன்பை மதித்தே, சீம்பாலை முதலில் கொடுக்கச் சொல்லலாம்.

கடைசியாகப் பெயர். வைத்தியசாலையின் பிறப்பு அறிக்கையில் தாய் தந்தை பெயரைக் கேட்டபடி எழுதாமல், அகதிச் சான்றிதழைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். பிறப்பைப் பதியாமல் மூன்று மாதம் கடந்தால் அது காலங்கடந்த பதிவாகி அலைச்சல் கூடும். பெயரில் ஒரு எழுத்து மாறினால், வேறு நாட்டில் குடியேறும் நாளில் இது தங்கள் பிள்ளைதான் என்று பெற்றோர் நிரூபிக்க வேண்டி வரும்.

இப்படிக்கு,
கொழும்பில் தாய்சேய் நலப் பணியில் உள்ளோர்