லாலி ரோட்டுப் பழைய கட்டடத்தில் எங்களுக்கு ஓர் அறை: வேளாண் பல்கலைக்கழக நிர்வாகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக நிர்வாகத்தாருக்கும், அங்கே கட்டடப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். நான் அன்னூர்ப் பக்கம் பண்ணையம் பார்க்கிறவன். உங்களிடம் படித்ததில்லை, விதை வாங்கியிருக்கிறேன், என் அப்பாவும் வாங்கியிருக்கிறார். எங்கள் ஊரில் இன்றைக்கும் உங்களைப் பல்கலைக்கழகம் என்று யாரும் சொல்வதில்லை. 'அக்ரி காலேஜ்'தான். "அக்ரி காலேஜ் வரைக்கும் போய்ட்டு வந்தர்றனுங்க" என்று ஒருவர் பஸ் ஏறினால், கையில் ஒரு பையில் மண்ணோ, பூச்சி அடித்த தென்னங்கீற்றோ இருக்கும். திரும்பும்போது விதைப் பொட்டலம் இருக்கும்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வளாகத்தின் பழைய கட்டடத்தில், தரைத்தளத்தில் ஓர் அறை வேண்டும். வெளியூரிலிருந்து வருகிற விவசாயி யாரிடமும் கடிதம் வாங்காமல் நேராக உள்ளே போகிற மாதிரி ஓர் அறை. இந்த மண்ணில் பிறந்து வெளியே போன பயிர்களின் கதை அங்கே தமிழில் இருக்கட்டும். மற்ற அறைகளில் எந்தத் துறை இருக்கிறதோ அது அங்கேயே இருக்கட்டும். யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை.

ஏன் கேட்கிறேன் என்றால், அந்தக் கட்டடத்தை இப்போது நாங்கள் பார்ப்பது பின்னணியாகத்தான். பட்டமளிப்பு முடிந்த பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டால் "பிரிட்டிஷ்காரன் கட்டினது" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

பிரிட்டிஷ்காரன் சும்மா கட்டவில்லை. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தைப் பிழிந்து எடுத்தது. சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களில் செத்தவர்களும் ஊரைவிட்டு ஓடியவர்களும் ஏராளம். அதற்குப் பிறகு வந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் மாகாணம்தோறும் வேளாண்மைத் துறை வேண்டும் என்றது. சொன்னதற்கும் செய்ததற்கும் நடுவில் இருபத்தைந்து வருஷம் ஓடியது. அரசாங்கம் அன்றும் அரசாங்கம்தான். வைஸ்ராய் கர்சன் காலத்தில், 1905 வாக்கில், பீகாரில் பூசா, அடுத்தடுத்து லயால்பூர், சபூர், புனே என்று வரிசையாக ஆராய்ச்சி நிலையங்களும் வேளாண் கல்லூரிகளும் எழுந்தன. நீங்கள் உங்கள் வரலாற்றை 1868-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளியிலிருந்து எண்ணுகிறீர்கள். அது 1906-இல் கோயமுத்தூருக்கு இடம் பெயர்ந்தது. அதற்காக எழுந்ததுதான் இந்தப் பழைய கட்டடம். அப்போது சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலி. நாங்கள் நாளும் சிக்னலில் நிற்கிற லாலி ரோடு அவர் பேரில்தான்.

சைதாப்பேட்டையை விட்டு இங்கே வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. கரிசலும் செம்மண்ணும் ஒரே ஊர் எல்லைக்குள் கிடக்கும் நாடு இது. வாய்க்கால் பாயும் நஞ்சை, கிணறு இறைக்கும் தோட்டம், மழை பார்த்து விதைக்கும் காடு என்று மூன்றையும் ஒரே குடும்பம் வைத்திருக்கும். பயிரைச் சோதிக்க வேறென்ன வேண்டும்?

இன்னொரு சங்கதி. பூசாவில் ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் கொடுத்த பணத்தில் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்று கட்டினார்கள். 1934 ஜனவரியில் வந்த பீகார் பூகம்பத்தில் அது சிதைந்தது. நிலையத்தையே 1936-இல் டெல்லிக்கு மாற்ற வேண்டியதாயிற்று. லயால்பூர் இன்று பைசலாபாத் என்ற பெயரில் பாகிஸ்தானில் இருக்கிறது. அதே தலைமுறையில் பிறந்த நம் கல்லூரி, வந்த இடத்திலேயே, அதே வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது. 1920-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, 1958-இல் முதுகலை மையமானது, 1971-இல் தானே பல்கலைக்கழகமானது. நடுவில் 1940-களின் பாதி வரை தென்னிந்தியா முழுவதற்கும் வேளாண்மை படிக்க இது ஒன்றுதான் இடம்.

சரி, கரும்புக்கு வருகிறேன். அறையின் பெரிய சுவரை அதற்குக் கொடுங்கள் என்பது என் ஆசை.

கரும்பு விவசாயிக்குத் தெரிந்தது கரணை மட்டும்தான். வெட்டி, பருப் பார்த்து, பாரில் பதிக்கிறோம். கரும்புக்கு விதை உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். உண்டு. பூத்த கரும்பின் வெள்ளைக் கதிரில், பஞ்சுத் தூசி போன்ற இழைகளுக்குள், கண்ணுக்குச் சரியாகப் படாத அளவில் இருக்கிறது. அதை மண்தட்டில் தூவி முளைக்க வைத்தால் வருகிற ஒவ்வொரு நாற்றும் தனி ரகம். ஆயிரம் நாற்றில் ஒன்று தேறினால் உண்டு. ஆனால் கரும்பு எல்லா ஊரிலும் ஒழுங்காகப் பூத்து விதை பிடிப்பதில்லை. கோயமுத்தூரில் பிடிக்கிறது. அதனால்தான் 1912-இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் இங்கே வந்தது. அது இன்று மத்திய அரசின் தனி நிறுவனம், உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பார்பர் என்ற தாவரவியலாளரும் அவருக்குப் பின் டி.எஸ். வெங்கடராமனும் அங்கே செய்த வேலை துணிச்சலானது. நம் ஊர் வெள்ளைக் கரும்போடு, ஆற்றங்கரையில் காடாக முளைக்கும் பேய்க்கரும்பை ஒட்டுக் கலந்தார்கள். எந்த விவசாயியும் தோட்டத்துப் பக்கம் வரவிடாத களை அது. பிறந்த கோ 205 ரகம் 1918-இல் பஞ்சாபுக்குப் போனது. குளிரும் வறட்சியும் தாங்கி நின்றது. வடநாட்டில் கோ ரகங்கள் பரவ அதுதான் தொடக்கம். பிற்பாடு ஜானகி அம்மாள் என்ற தாவரவியலாளர் கரும்பின் குரோமோசோம்களை எண்ணி ஆராய்ந்ததும் இங்கேதான், 1930-களில். இன்று தமிழ்நாட்டு ஆலைக்காரர்கள் கேட்கிற கோ 86032-ம் இந்த ஊர்ப் பேரைத்தான் சுமக்கிறது. சத்தியமங்கலத்தில் கரும்பு போட்டிருக்கும் என் மச்சானுக்கு இதெல்லாம் தெரியாது. அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

நெல்லுக்கு ஒரு சுவர். 1912 வாக்கில் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பார்னெல் என்ற அதிகாரி தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24 நெல், 1921-இல் வெளிவந்தது. ஜனங்கள் வாயில் அது கிச்சிலிச் சம்பா. பேரில் இருக்கும் அந்த மூன்று எழுத்தும் அவருடைய பதவிதான், அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர். அதிகாரி தன் பதவியையே நெல்லுக்குப் பெயராக வைத்துவிட்டார் என்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது, ஆனால் நெல் அருமையான நெல். சன்ன அரிசி. அதையும் கோ 18 என்ற நெல்லையும் சேர்த்து வந்த ரகம் டி.கே.எம். 6. அந்த டி.கே.எம். 6-ஐ பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்கொண்டு போய் ஐ.ஆர். 20 உருவாக்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஐ.ஆர். 20 சாப்பிடாத தமிழ் வீடு எத்தனை இருந்திருக்கும்? மணிலாவிலிருந்து வந்த நெல் என்றுதான் எங்கள் ஊரில் அதைச் சொன்னார்கள். அதன் ஒரு பாட்டன் லாலி ரோட்டுக்காரன் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே நெல் பார்த்த கே. ராமையாதான் பிறகு கட்டக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநரானார்.

பருத்திக்கு எம்.சி.யூ. 5 ஒன்று போதும், இந்த ஊர் மில்களுக்கு நீள இழை கொடுத்த ரகம். பால்மாடு வைத்திருப்பவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டாம்; கட்டுத்தரைக்குப் பக்கத்தில் கோ 4 புல்லோ கோ எஃப்.எஸ். 29 சோளமோ இல்லாத தோட்டம் எங்கள் பக்கம் அபூர்வம்.

மனிதர்களையும் விடக்கூடாது. எம்.எஸ். சுவாமிநாதன் 1944-இல் வேளாண் பட்டம் பெற்றது இங்கே. வங்கப் பஞ்சத்தைப் பார்த்துத்தான் அவர் வேளாண்மைக்கு வந்தார். அவர் தூக்கி நிறுத்திய பசுமைப் புரட்சிக்கு டெல்லியில் அரசியல் பலம் கொடுத்தவர் உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம், பொள்ளாச்சிப் பக்கத்துச் செங்குட்டைப்பாளையத்துக்காரர். ரசாயன உரம் பற்றியும் அழிந்த நாட்டு ரகங்கள் பற்றியும் இன்று எங்களுக்குள் நிறையச் சண்டை உண்டு. அந்தச் சண்டையும் அறையில் இருக்கட்டும். புகழ்ச்சி மட்டும் எழுதி வைத்தால் எங்கள் ஆட்கள் ஒரு முறை பார்த்துவிட்டு அப்புறம் வரமாட்டார்கள்.

பெரிய பதவிக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். நெற்கதிரில் ஒவ்வொரு பூவாக மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்து, காகிதப் பை மாட்டி, நூல் கட்டி, சீட்டு எழுதித் தொங்கவிடுவது விடிகாலையிலேயே தொடங்குகிற வேலை. வயல் சேற்றில் நின்று அதைச் செய்தவர்களில் எத்தனையோ பேர் வடவள்ளி, வீரகேரளம் பக்கத்துக் கூலி ஆட்களாக இருந்திருக்கக்கூடும். பழைய மஸ்டர் ரோல், அதாவது கூலிப் பதிவேடு, ஏதாவது பீரோவில் கிடந்தால் அதிலிருந்து நாலு பேரின் பெயரையாவது சுவரில் எழுதுங்கள்.

இனி பொறியாளர்களுக்கு. நூறு வருஷம் தாண்டிய சுவர், சுண்ணாம்புச் சுவர். அதற்குச் சிமெண்டு பூசாதீர்கள். இதைச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை, பெரியப்பாவின் தொட்டிக்கட்டு வீடு இருக்கிறது. செங்கல்லும் காரையும் வைத்துக் கட்டிய வீடு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பு அரைத்துப் பூசியது. பேரன் கல்யாணத்துக்கு அடிச்சுவரை மட்டும் 'ஸ்ட்ராங்கா' இருக்கட்டும் என்று சிமெண்டு பூசினார்கள். மூன்றாம் மழைக்காலத்தில் பூச்சுக்கு மேலே, இடுப்பு உயரத்தில், வெள்ளையாக உப்புப் பூத்தது. விரலால் தட்டினால் பூச்சு வெற்றோசை கொடுத்தது. ஒரு இடத்தில் பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே செங்கல் ஈரத்தில் ஊறி, நகத்தால் கீறினாலே மாவாக உதிர்ந்தது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டுவிடும், சிமெண்டு விடாது. விட வழியில்லாத ஈரம் மேலே ஏறியது, அவ்வளவுதான். கொத்தனாரை மாற்றி மறுபடி சுண்ணாம்பு பூச இரண்டு வருஷம் ஆயிற்று, ஏனென்றால் அந்த வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லை.

அதனால் டெண்டர் எழுதும்போதே சுண்ணாம்புக் கலவை என்று எழுதுங்கள். குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் தலையில் கை வைத்து உட்காருவது நமக்கெல்லாம் பழகிய கதை. மழை இறங்கும் குழாய்கள் அடைக்காமல் இருந்தாலே பாதிக் கட்டடம் தப்பிக்கும். உங்களிடமே வேளாண் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சுண்ணாம்பு அரைப்பதையும் பூசுவதையும் அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கட்டுமே.

முழுக் கட்டடத்தையும் அருங்காட்சியகம் ஆக்கலாம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை. 2018-இல் நீங்கள் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வருகிறார்கள், அது அதற்கென்றே கட்டிய இடம், நன்றாக இருக்கிறது. பழைய கட்டடம் வேறு. அங்கே வகுப்பு நடக்க வேண்டும், பையன்கள் வராந்தாவில் தாமதமாக ஓட வேண்டும், யாராவது மேசை மேல் கதிரைப் பரப்பி வைத்து மணி எண்ண வேண்டும். ஆள் புழங்காத வீட்டில் கரையான்தான் குடியேறும். அதனால்தான் ஓர் அறை மட்டும் கேட்கிறேன்.

அந்த அறைக்கு ஏசி வேண்டாம், தொடுதிரை வேண்டாம். கண்ணாடி ஜாடிகளில் விதை, பக்கத்தில் ரகத்தின் பெயர், தாய் தந்தை யார், எந்த வருஷம், எந்த மண்ணுக்கு. எழுத்து பெரிதாக இருக்கட்டும், எங்களில் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என்பதையும் அப்படியே மாட்டி வையுங்கள். கடையில் ஏமாறாமல் இருக்க உதவும்.

என் அப்பா விதைச் சாக்கிலிருந்து கத்தரித்த அட்டைகளைக் கம்பியில் கோத்து மாட்டுக்கொட்டாய் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். சில எலி கடித்தவை, சிலவற்றில் எழுத்து மங்கிவிட்டது. ஆனால் ரகமும் வருஷமும் படிக்க முடிகிறவை நிறைய இருக்கின்றன. அறைக்கு வேண்டுமென்றால் தருகிறேன். என்னைப் போல வைத்திருப்பவர்கள் கோபியிலும் உடுமலையிலும் காங்கேயத்திலும் கட்டாயம் இருப்பார்கள். நீங்கள் வருஷா வருஷம் நடத்தும் உழவர் தின விழாவுக்கு முன்னால் ஓர் அறிவிப்புக் கொடுங்கள், அவர்களும் கொண்டுவந்து தருவார்கள். அறை தயாராக நாளானாலும் பரவாயில்லை. அந்த விழா நாட்களில் மட்டுமாவது பழைய கட்டடத்தின் முன்கதவைத் திறந்து, விஷயம் தெரிந்த ஒருவரை வராந்தாவில் நிறுத்தி வையுங்கள். பதிலை எங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னால் போதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவன்