பச்சை மரத்தில் எழுந்த வீடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. பேத்திக்கு முதல் பல் முளைத்த செய்தியை இரண்டு முறை படித்தேன். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. முழங்கால் வலியும் கூடவே வந்துவிட்டது. மற்றபடி நலம். உன் தாத்தா வீட்டுப் பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் சென்ற மாதம் தெற்கு இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் போனபோது கண்ணெதிரே கிடைத்தது. அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

கக்மியர் ஆற்றோரம் ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு சிற்றூர். தேவாலயத்துக்கு அருகில், பசும்புல் நடுவே, வைக்கோல் வேய்ந்த ஒரு வீடு நிற்கிறது. வயது அறுநூறு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பாதிரியார் இல்லம் என்று பெயர். ஆனால் கட்டியவர் வசதியான விவசாயி ஒருவராக இருக்கலாம் என்றே கருதுகிறார்கள். வாசலில் நின்று பார்த்தால் ஒரு கோடுகூட நேராக இல்லை. மரச்சட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நாம் பாலிடெக்னிக்கில் தூக்குக்குண்டு பிடித்துப் பழகியவர்கள் அல்லவா? முதல் பார்வையில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது.

உள்ளே போய் ஒரு தூணைக் கையால் தடவிப் பார்த்தேன். ஓக் மரம். மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் அளவுக்கு நீளமான வெடிப்பு. அது பழுது இல்லை. ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்காது; அதனால் அந்தக் காலத் தச்சர்கள் வெட்டிய ஈரம் காயாத பச்சை மரத்திலேயே வேலையை முடித்துவிடுவார்கள். வீடு எழுந்து, ஆட்கள் குடிவந்த பிறகுதான் மரம் மெல்ல மெல்லக் காயும். காயும்போது வெடிக்கும், முறுக்கும், கொஞ்சம் நகரும். சாய்ந்த கோடுகள் எல்லாம் அப்படி வந்தவை.

அது தெரிந்தே அவர்கள் இணைப்பைச் செய்தார்கள் என்பதுதான் என்னை அசத்தியது. ஒரு சட்டத்தின் நுனியை நாக்குபோலச் செதுக்கி மற்றொன்றின் துளைக்குள் செருகுவார்கள். இரண்டுக்கும் குறுக்கே மரமுளை அடிக்க வேண்டும். அந்த முளைக்கான துளைகளை நேருக்கு நேர் போடமாட்டார்கள். நாக்கில் உள்ள துளை சற்றே தள்ளி இருக்கும். முளையை அடித்து இறக்க இறக்க அது நாக்கை உள்ளே இழுத்து இறுக்கிவிடும். இரும்பு ஆணியின் துணை அந்த இணைப்புக்கு வேண்டியதில்லை. ஒரு மூலையில் முளையின் தலை அரை விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வெட்டிவிடாமல் அப்படியே விட்டிருக்கிறான் தச்சன். அந்த முனையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

சட்டங்களை முதலில் பட்டறையில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்ப்பார்கள். எது எதோடு சேரும் என்பதற்கு ரோமன் எண் போன்ற கோடுகளைக் கீறிவைத்து, பிரித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மனையில் நிறுத்துவார்கள். வளைந்த தாங்குமரம் வேண்டுமென்றால் இயல்பாகவே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடிப் பிடிப்பார்கள். ‘பழைய கப்பலை உடைத்த மரம்’ என்று இந்த ஊர்க்காரர்கள் பலர் பெருமையாகச் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது கதைதான். காய்ந்து இறுகிய கப்பல் மரத்தில் இப்படி உளிவேலை செய்ய முடியாது.

வீட்டின் நடுவே கூடம். மேலே மாடி கிடையாது, நிமிர்ந்தால் கூரை முகடு வரை வெறும் மரம். அந்தக் காலத்தில் புகைபோக்கி இல்லை. கூடத்தின் தரையில் தீ மூட்டுவார்கள், புகை தானே வழி கண்டுகொண்டு கூரை வழியே வெளியேறும். அது எப்படி இருந்திருக்கும் என்று அறிய மறுநாள் சிங்கிள்டனில் உள்ள திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனேன். அங்கே பேலீஃப் என்ற பண்ணைவீடு இதே வகை. கென்ட் பகுதியில் நீர்த்தேக்கம் கட்டியபோது 1960-களின் இறுதியில் முளைகளைத் தட்டி எடுத்து, சட்டம் சட்டமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். கூடத்தில் தீ எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலில் கண்ணாடி இல்லை, மரக்கம்பிகள் மட்டும். வீடு திரும்பிய பிறகும் என் கம்பளிச் சட்டையில் அந்தப் புகை மணம் இருந்தது.

ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரையையும் சொல்ல வேண்டும். சுண்ணக்கல்லை உடைத்துப் பரப்பி, இடித்துக் கெட்டியாக்கி, புளித்த பாலை ஊற்றி மெழுகியிருக்கிறார்கள். வெள்ளை வெளேரென்று, காலுக்குக் குளுமையாக இருக்கிறது.

இப்படிப்பட்ட வீடு 19-ஆம் நூற்றாண்டில் இடியப் பார்த்தது. ஊர்ப் பாதிரியார் விடாமல் முயன்றார். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் துணைக்கு வந்தது. பழம்பெரும் இடங்களைக் காக்க அப்போதுதான் தொடங்கியிருந்த நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 1896-இல் இதைப் பத்துப் பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடம் இதுதான். பழுதுபார்க்க அதைப்போலப் பல மடங்கு செலவாயிற்று. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஆக்டேவியா ஹில் அம்மையார் போன்றவர்கள் அதற்காக ஊர் ஊராகக் கடிதம் எழுதிப் பணம் திரட்டியதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். மரச்சட்டங்களுக்கு இடையில் இருப்பது படல் சுவர். குச்சிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியது. மரம் அசைந்தால் இதுவும் கூடவே அசைந்துகொடுக்கும். மழையில் நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும். சென்ற நூற்றாண்டில் இங்கே பல வீடுகளில் இதைப் பெயர்த்துவிட்டுச் சிமெண்ட் பூசினார்கள். சிமெண்ட் அசையாது. மரத்தை ஒட்டி மயிரிழை விரிசல் விடும், அதில் மழைநீர் இறங்கும், இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். வெளியில் எல்லாம் பளிச்சென்று இருக்க, நூற்றாண்டுகளாகத் தாங்கிய ஓக் உள்பக்கத்தில் உளுத்துப்போகும். இப்போது அதையெல்லாம் செலவழித்துச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசுகிறார்கள்.

உன் தாத்தா வீடு செங்கல்லும் சுண்ணாம்பும், இது மரம். இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். ஆனால் ஈரம் ஒன்றுதான். ஆகவே அந்தச் சுவரில் சிமெண்ட் வேண்டாம். சுண்ணாம்பு நீற்றத் தெரிந்த கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார், விசாரித்துப் பார். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருப்பதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்தைக் கிட்டே போய்ப் படம் எடுத்து அனுப்பு. சிமெண்ட் மூட்டை வந்து இறங்குவதற்குள் பதில் எழுது. தங்கைக்கு என் அன்பைச் சொல். பேத்திக்கு ஒரு முத்தம்.

என்றும் உன்
பழைய அறைத் தோழன்