சாமுவுக்கு, மெரினாவிலிருந்து திரும்பி வந்து

சென்னை
9 அக்டோபர் 2024

அன்புள்ள சாமு,

இங்கு அனைவரும் நலம். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது. உனக்கு இறங்கியிருக்கும், எதிலும் எனக்கு நேர்மாறாகத்தானே இருப்பாய். பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் சொன்னால் நம்ப மாட்டாய் என்பதால் சொல்லப் போவதில்லை. தினமும் வாட்ஸ்அப்பில் பூ அனுப்புகிறவனுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று மேரி கேட்பாள். பூவுக்குள் அடங்காத சங்கதி என்று சொல்.

ஞாயிற்றுக்கிழமை பேரனைக் கூட்டிக்கொண்டு மெரினாவில் நம் விமானப்படை சாகசம் பார்க்கப் போனேன். அந்த வெயிலிலும் கூட்டத்திலும் ஐந்து பேர் செத்துப்போனதைப் பேப்பரில் படித்திருப்பாய். நாங்கள் ஒரு படகு நிழலில் ஒண்டிக்கொண்டு தப்பித்தோம். வீடு திரும்ப நாலு மணி நேரம். மகள் திட்டியதை எழுதினால் இந்தத் தாள் பத்தாது.

ஆனால் பிரசண்டைப் பார்த்துவிட்டேன்டா, நம் நாட்டிலேயே செய்த தாக்குதல் ஹெலிகாப்டரை.

நாம் ராக்கெட் ஏற்றிய அந்த ரஷ்ய ஹெலிகாப்டர் மி-25 எருமைக்கடா என்றால் இது வெட்டுக்கிளி. முன்னால் ஒருத்தன், பின்னால் கொஞ்சம் உயரத்தில் இன்னொருத்தன். அதனால் எதிரே நின்று பார்த்தால் உடம்பே இல்லாத மாதிரி ஒல்லி. குறிபார்க்கிறவனுக்கு எவ்வளவு சின்னதாகத் தெரியணும் என்பதிலிருந்துதான் இந்த வடிவமே தொடங்குகிறது. 1967இல் வியட்நாமுக்குப் போன அமெரிக்கக் கோப்ரா ஹெலிகாப்டரிலிருந்து எல்லாருக்கும் இதே கணக்குதான். ரஷ்யாக்காரன் மட்டும் பின்னால் எட்டுப் பேரை ஏற்றிக்கொள்ள அறை கட்டினான். பதான்கோட் மே மாத வெயிலில் அது செங்குத்தாக எழும்ப மறுத்து, ரன்வேயில் ஓடி ஓடிக் கிளம்புமே, பாண்டே "ரயில் வருது, ரயில் வருது" என்று கத்துவானே! அந்தக் குட்டை இறக்கை வேகமாகப் போகும்போது கால்வாசி எடையைத் தாங்கும். நின்ற இடத்தில் மிதக்கும்போது மேலிருந்து வரும் காற்றை மறித்துக்கொண்டு சும்மா கிடக்கும். மாப்பிள்ளைத் தோழன் மாதிரி, பந்தியில் மட்டும் சுறுசுறுப்பு.

அந்தக் கனம்தான் 1999இல் கார்கிலில் நம் காலை வாரியது. அங்கே காற்று மெலிசு. விசிறிக்குப் பிடிமானம் கிடைக்காது, எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். மி-25இன் தம்பி மி-35ஐ அந்த உயரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. சாமான் சுமக்கிற மி-17இல் ராக்கெட் மாட்டி அனுப்பினார்கள். மே 28ஆம் தேதி ஒன்றைத் தோளில் வைத்து ஏவுகிற ஸ்டிங்கர் ஏவுகணை அடித்தது, நாலு பேர் போனார்கள். அதோடு மி-17ஐ அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிரசண்ட் பிறந்தது அந்த வயிற்றெரிச்சலில். துருவ் ஹெலிகாப்டரின் விசிறியையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டு உடம்பை மட்டும் இளைக்க வைத்தார்கள். ஆயுதம், எண்ணெய் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 5.8 டன். நம்ம எருமை 12 டன்னை நெருங்கும், ஞாபகம் இருக்கிறதா? 2010இல் முதல் பறப்பு, 2015இல் சியாச்சினில் இறங்கிக் காட்டினார்கள், 2022 அக்டோபரில் ஜோத்பூரில் படையில் சேர்த்தார்கள். பன்னிரண்டு வருஷம்! உன் வீட்டு மாடி கட்டின வேகம்.

மூக்கில் 20 மில்லிமீட்டர் பீரங்கி. பைலட் ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பினால் அதுவும் திரும்புகிறது. நாம் அந்த நாலு குழல் மெஷின் கன்னில் மணல் புகுந்து சிக்கிக்கொண்டால் ராத்திரி முழுக்கக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருப்போமே, அது கண் முன்னால் வந்துபோனது.

பேரன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ சண்டையில இதுதான் ஜெயிக்குமா?" என்றான். ஏழு வயசு. "ஆமா" என்று சொல்லிவிட்டேன். நாலு நாளாக அந்த "ஆமா" தொண்டையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஜெயித்திருக்கிறது, அதில் பொய்யில்லை. 1991 ஜனவரி 17 விடிவதற்கு முன் அமெரிக்காவின் எட்டு அப்பாச்சி தாக்குதல் ஹெலிகாப்டர்கள் இருட்டோடு இருட்டாகத் தாழப் பறந்துபோய் இராக்கின் ரேடார் நிலையங்களை உடைத்தன. அந்தப் போர் அப்படித்தான் ஆரம்பித்தது. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2003 மார்ச்சில், அதே அப்பாச்சிகள் முப்பதுக்கும் மேல் கர்பலாப் பக்கம் போயின. ஊரில் விளக்கெல்லாம் அணைந்து மறுபடி எரிந்ததாம், அதுதான் சைகை. கூரைக்குக் கூரை துப்பாக்கியோடு ஆள். ஒன்று விழுந்து இரண்டு பைலட்டுகள் பிடிபட்டார்கள். மற்றதில் பெரும்பாலானவை சல்லடையாகத் திரும்பின. மலை முகட்டுக்கும் மரத்துக்கும் பின்னால் மறைந்து, உச்சந்தலை ரேடாரை மட்டும் நீட்டி எட்டிப் பார்த்து, எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற டாங்கியை அடித்துவிட்டு மறுபடி பதுங்குவதற்கென்றே செய்த யந்திரம் அது. வீடுகளின் தலைக்கு மேலே போனால் அதன் வித்தை எதுவும் பலிக்காது.

இப்போது உக்ரைனைப் பார். ரஷ்யாவின் கா-52 தாக்குதல் ஹெலிகாப்டர்கள் எத்தனை விழுந்துவிட்டன! முன்வரிசைக்குப் போகவே பயந்து, பல கிலோமீட்டர் பின்னாலேயே மூக்கைத் தூக்கி, ராக்கெட்டைக் கவண்கல் மாதிரி வீசிவிட்டுத் திரும்பி ஓடுகிறார்கள். அதே கா-52, 2023 கோடையில் உக்ரைன் கவச வண்டிகள் கண்ணிவெடி வயலில் மாட்டியபோது தூரத்தில் நின்றபடியே நிறைய அடித்தது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஜப்பான் தன்னுடைய தாக்குதல் ஹெலிகாப்டர்களை விட்டுவிட்டு ட்ரோனுக்குப் போவதாக 2022 கடைசியில் சொல்லிவிட்டது. அமெரிக்கா புதிதாகச் செய்ய நினைத்த வேவு-தாக்குதல் ஹெலிகாப்டரை இந்தப் பிப்ரவரியில் கைவிட்டது. நாம் இன்னும் 156 பிரசண்ட் வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். பைத்தியக்காரத்தனம் என்று நீ சொல்வாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சமவெளியில் இதன் காலம் முடிகிறது, சரி. லடாக்கில் ஒவ்வொரு வளைவிலும் ஒளிந்துகொள்ள மலை இருக்கிறது. அதுக்கென்றே இளைத்துப் பிறந்த பிள்ளை இது. சண்டைக்கு வா, எழுது.

இதுவரை எழுதியது நம்ம பழைய கேன்டீன் பேச்சு. இனிமேல் எழுதப்போவதற்குத்தான் தாளை எடுத்தேன்.

பிரசண்ட் போனதும் பேரன் கேட்டான், "தாத்தா, நீங்க வச்ச ராக்கெட் எங்க போய் விழுந்துச்சு?"

57 மில்லிமீட்டர் ராக்கெட். இறக்கையில் தொங்குகிற ஒரு கூட்டுக்கு 32, நாலு கூட்டுக்கு 128. ஒவ்வொன்றாக, விரலால் தள்ளி, பூட்டு விழும் 'டக்' கேட்டால்தான் அடுத்தது. என் வலது கட்டைவிரல் நகம் இன்னும் கோணல்தான். அது ஒரு புள்ளியைத் தாக்குகிற ஆயுதமில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும். தூவுகிற ஆயுதம். ராஜஸ்தான் மணலில் டாங்கி வரிசை வந்தால் தூவலாம்.

1987 அக்டோபரில் நம்ம ஸ்குவாட்ரனின் மி-25கள் யாழ்ப்பாணத்துக்குப் போயின. உன்னை அனுப்பினார்கள், என்னை பதான்கோட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வருத்தப்பட்டேன்டா அப்போது, உனக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லையே என்று! நீ திரும்பி வந்தாய். கேரம் ஆடினோம். சோற்றில் உப்பில்லை என்று சண்டை போட்டோம். அங்கே ஓட்டு வீடும் பனையும் நெருக்கி நிற்கிற ஊர், கீழே ரேடியோவில் கேட்பது நம்ம தமிழ். நீ ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முப்பத்தேழு வருஷம்.

பேரனிடம், "தாத்தா வச்சதெல்லாம் பயிற்சிக்குடா, மணல்ல விழுந்துச்சு" என்றேன். என் விஷயத்தில் அது முக்கால்வாசி உண்மைதான். உன்னிடம் யாராவது கேட்டால் என்ன சொல்கிறாய்?

எழுத வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு நாகர்கோவில் வருகிறேன், டிக்கெட் போட்டாச்சு. மேரியிடம் அச்சு முறுக்கு சுடச் சொல், சர்க்கரை பற்றி வாயைத் திறக்காதே. சாயங்காலம் நாம் இரண்டு பேர் மட்டும் மொட்டை மாடியில் உட்காருவோம். சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சொல். இல்லாவிட்டால் கேரம் போர்டை எடுத்து வை.

உன்
ரங்கு