ஊசியை எங்கே போடுவது? எங்கள் நகர மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நகர மன்றத் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

மின்தூக்கிக்குப் பக்கத்தில் நீங்கள் புதிதாக ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்தோம். ஊசி, கண்ணாடி போன்ற கூர்மையான பொருள்களைக் குப்பைக் குழாயில் போடாதீர்கள் என்று சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் இருக்கிறது. அதை ஏன் ஒட்டினீர்கள் என்பது எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் தெரியும். குழாயின் அடியில் தொட்டி மாற்றிக்கொண்டிருந்த துப்புரவு ஊழியரின் உள்ளங்கையில், கிழிந்த பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசி ஏறிவிட்டது. பாவம், சின்னப் பையன். அறிவிப்பு ஒட்டியது சரி. ஆனால் குழாயில் போடக்கூடாது என்றால் வேறு எங்கே போடுவது? அதை எந்த மொழியிலும் காணோம்.

என் அம்மாவுக்கு நாளுக்கு நான்கு முறை இன்சுலின். ஒவ்வொரு முறையும் பேனாவில் புது ஊசி மாட்ட வேண்டும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் ஊசி தனி. மாதக் கடைசியில் எண்ணினால் நூற்றுக்கு மேல் போகும். தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு, மூடியை இறுக்கி, மேலே டேப் சுற்றிக் குப்பையோடு போடுங்கள் என்று தாதி சொல்லிக்கொடுத்தார். சலவைத் திரவப் புட்டிகளை அதற்கென்றே எடுத்துவைத்து அப்படித்தான் செய்துவந்தோம். எங்களுடையது பழைய புளோக், குழாயின் வாய் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. 11வது மாடியிலிருந்து விழும் புட்டி என்ன கதியில் போய்ச் சேரும் என்பதை உங்கள் ஊழியர்களைத்தான் கேட்க வேண்டும். இப்போது அறிவிப்பும் வந்துவிட்டதால், புட்டிகள் அடுப்பங்கரை மூலையில் அடுக்கி நிற்கின்றன. கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருக்கிற வீடு இது.

ஊசி வாங்கும் மருந்தகத்தில் கேட்டேன். "நாங்கள் திரும்ப வாங்குவதில்லை, நகர மன்றத்தைக் கேளுங்கள்" என்றார்கள். உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசினேன். "ஊசி கொடுத்தவர்களைக் கேளுங்கள்" என்றார்கள். இரண்டு இடத்திலும் மிகப் பணிவாகப் பேசினார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நம் வீட்டுக் குப்பை எரியுலைக்குப் போகிறது, சாம்பல் செமக்காவ் தீவுக்குப் போகிறது. உலையின் சூட்டில் எந்தக் கிருமியும் தப்பாது. குழாயின் அடியிலிருந்து லாரி வரைக்கும் உள்ள தூரத்தில்தான் ஆபத்து, அங்கே மனிதக் கைகள் இருக்கின்றன. கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். ஊசி யாருடையது என்று தெரியாததால், குத்துப்பட்டவர் மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஊரில் இருக்கும் மனைவிக்கு அவர் இதைச் சொல்வாரா, மறைப்பாரா?

நாங்கள் கேட்பது ஒரு பெட்டி. பூட்டுப் போட்ட, உள்ளே கைவிட முடியாத மஞ்சள் பெட்டி, சில புளோக்குகளுக்குச் சேர்த்து ஒன்று.

செய்யத் தெரியாத ஊரா இது? 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தில் பழைய பேட்டரிக்கும் விளக்குக்கும் கடைத்தொகுதிகளில் தொட்டி வைத்தாயிற்று. காலி பானப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தால் 10 காசு தரவும் திட்டம் போட்டாயிற்று. ரத்தம் பட்ட ஊசிக்கு மட்டும் எங்கள் வட்டாரத்தில் ஓர் ஓட்டை கூடக் கிடையாது. 2016ல் நீரிழிவுக்கு எதிராக நாடே போர் தொடுத்தது. போர் என்றால் ஆயுதம் மிஞ்சத்தானே செய்யும்? அவற்றைத் திரும்பப் பெற யாரையும் நியமிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், சோற்றைக் குறையுங்கள், நடங்கள் என்று சமூக மன்ற மேடைகளில் நமக்குச் சொல்லாத நாள் இல்லை. குறைத்தும் நடந்தும் கடைசியில் ஊசிக்கு வந்துவிட்டவர்களிடம் பேச அந்த மேடையில் யாருக்கும் நேரமில்லை.

மேடைப் பேச்சுக்கு நீங்கள் பொறுப்பல்ல, தெரியும். விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியை வசிப்போர் குழு அறைக்கு வெளியே வைக்கலாம், அங்கே விளக்கும் கேமராவும் ஏற்கெனவே இருக்கின்றன. மருத்துவக் கழிவு எடுக்க உரிமம் பெற்ற நிறுவனம் வந்து எடுத்துப் போகட்டும். அதற்காக உங்களுக்கு நாங்கள் கட்டும் மாதக் கட்டணத்தில் கொஞ்சம் கூடினால், நீரிழிவுக்காரர் உள்ள எந்த வீடும் முணுமுணுக்காது என்று நினைக்கிறேன். தயவுசெய்து அந்தப் பெட்டியை வையுங்கள்.

அதுவரை, துப்புரவு ஊழியர்களுக்கு ஊசி துளைக்காத கையுறை கொடுங்கள். குத்துப்பட்டால் எங்கே ஓட வேண்டும், செலவு யாருடையது என்பதை எழுதியும் கொடுங்கள். அதை அவர்கள் படிக்கும் வங்காள மொழியிலும் அச்சிட வேண்டும்.

பணிவுடன்,
11வது மாடிக் குடியிருப்பாளர்