மின்நூல் விளம்பரம்: லைக் கணக்கும் விற்பனைக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்நூலை நாமே வெளியிடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அமேசானின் மின்நூல் தளமான கிண்டிலில் நூலை ஏற்றும் முறையை நன்றாகவே விளக்கியிருந்தார்கள். கடைசியில் மட்டும், ஃபேஸ்புக்கில் 500 ரூபாய்க்கு 'பூஸ்ட்' கொடுத்தால், அதாவது காசு கட்டி நம் பதிவைப் பலருக்குக் காட்டச் சொன்னால், வாசகர்கள் தானாக வருவார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். காசு கரைவது அந்த வரியில்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

உடுமலைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார் ஏன் எரிகிறது, ஸ்டார்ட்டரில் எதைப் பார்க்க வேண்டும், மூன்று ஃபேஸ் மின்சாரத்தில் ஒரு ஃபேஸ் போனபிறகு கெப்பாசிட்டர் போட்டு ஓட்டினால் காயில் என்ன கதிக்கு ஆளாகும் என்று விவசாயிகள் கடையில் கேட்கும் கேள்விகளையெல்லாம் சேர்த்து ஒரு மின்நூல் போட்டேன். விலை 99 ரூபாய்.

நூல் வந்ததும் டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்யும் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். இதற்கு முன்பு யாரோ ஒருவருக்குச் செய்துகொடுத்த கவிதை நூல் விளம்பரத்தை போனில் காட்டினார். எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், எத்தனை லைக், எத்தனை ஷேர் என்று எல்லாம் வண்ண வண்ணமாக இருந்தது. "சரி தம்பி, எத்தனை புத்தகம் வித்துது?" என்றேன். "அது நமக்குத் தெரியாதுங்கண்ணா" என்றார். பொய் சொல்லவில்லை, பாவம். உண்மையிலேயே அவருக்குத் தெரிய வழியில்லை.

நம் சொந்த இணையதளத்தில் பொருள் விற்றால், அங்கே 'பிக்சல்' என்ற ஒரு சிறு நிரலைப் போட்டு வைக்கலாம். விளம்பரத்தைத் தட்டி வந்தவர் வாங்கினாரா, பார்த்துவிட்டுப் போனாரா என்று அது சொல்லிவிடும். அமேசானில் நம் நூல் இருக்கும் பக்கம் அமேசானுடையது. அதில் நம் பிக்சலை வைக்க முடியாது. ஆகவே ஃபேஸ்புக்குக்குத் தெரிவது கிளிக் வரைக்கும்தான். கிளிக் வேண்டும் என்று கேட்டால், வாங்குகிறவரா என்று பார்க்காமல், எதைக் கண்டாலும் தட்டுகிறவர்களைத் தேடிப்பிடித்துக் காட்டும்.

இப்போது ஒரு பிரதியின் கணக்கைப் பாருங்கள். அமேசான் எழுத்தாளருக்குத் தரும் பங்கான ராயல்டி 35 சதவீதம் என்றால், வரி போக எனக்கு நிற்பது சுமார் 30 ரூபாய். ஒரு கிளிக் 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், விளம்பரத்துக்கான 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்து 2 ரூபாய் 36 காசு. தட்டி வரும் 12 பேரில் ஒருவர் வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். பதின்மூன்றாவது ஆளிலிருந்து கைக்காசு. முன்பின் தெரியாத எழுத்தாளரின் நூலை 12 பேரில் ஒருவர் வாங்குவது லேசில் நடக்காது.

70 சதவீத ராயல்டி இருக்கிறதே என்பீர்கள். இந்திய விற்பனைக்கு அது கிடைக்க 'கிண்டில் செலக்ட்' என்ற அமேசான் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் ஒவ்வொரு 90 நாள் தவணைக்கும் மின்வடிவில் வேறெங்கும் விற்கக் கூடாது. நாவல் எழுதுகிறவர்களுக்கு அது சரிப்படலாம். சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில் வாசகர்கள் படித்த பக்கக் கணக்குக்கும் பணம் வரும். என்னிடம் வாங்குகிறவர் தோட்டத்தில் நின்றுகொண்டு ஜிபேயில் காசு போட்டு, வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் அனுப்பச் சொல்கிறவர். அவரை விட்டுவிட்டு எனக்கு 70 சதவீதம் எதற்கு?

அதனால் அமேசானுக்கு ஆள் அனுப்பும் விளம்பரத்தை நான் போடவே இல்லை. தட்டினால் நேராக என் வாட்ஸ்அப் திறக்கிற மாதிரி ஒரு விளம்பர வகை இருக்கிறது. அதைப் பூஸ்ட் பொத்தானில் இல்லாமல் ஃபேஸ்புக் விளம்பரங்களை நாமே அமைக்கும் ஆட்ஸ் மேனேஜரில் போய்ப் போட்டேன். விசாரிப்பவருக்கு முதல் அத்தியாயத்தை இலவசமாக அனுப்புகிறேன். பிடித்தால் பணம் போடுவார். எந்த விளம்பரத்தில் யார் வந்தார், யார் வாங்கினார் என்பது என் நோட்டிலேயே இருக்கிறது. தம்பிக்குத் தெரியாத கணக்கு எனக்குத் தெரிகிறது.

போடும்போது இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும். எங்கெங்கே காட்டுவது என்பதில் சில விளம்பர வகைகளில் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' என்று ஒன்று சேர்ந்தே வரும். அதை வைத்தால் நம் விளம்பரம் வேறு ஆப்களிலும் தலைகாட்டும். கேம் விளையாடும் பையன் கை தவறித் தட்டினாலும் கிளிக் கிளிக்தான். அது இருந்தால் எடுத்துவிட வேண்டும். அடுத்தது ஊர். ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால் அங்கே குடியிருப்பவரோடு அண்மையில் வந்துபோனவரும் கணக்கில் சேர்வார். எங்கள் பக்கம் பழனியைப் போட்டால், முருகனைக் கும்பிட வந்துபோன சென்னைக்காரருக்கும் போர்வெல் விளம்பரம் போய்ச் சேரும். அதனால் பழனி நகரத்தை விலக்கிவிட்டு தாராபுரம், மடத்துக்குளம், குடிமங்கலம் என்று வைத்தேன்.

படமும் முக்கியம். புது மோட்டார் படம் போட்ட விளம்பரத்துக்கு "5 ஹெச்பி என்ன விலைங்க?" என்றே கேட்டார்கள். கருகிப்போன காயில் படத்தைப் போட்டு, "இது ஏன் எரிந்தது தெரியுமா?" என்று கேட்ட விளம்பரத்துக்கு வந்தவர்கள் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இரண்டுக்கும் நாளொன்றுக்கு ஒரே தொகைதான் வைத்திருந்தேன். முதலாவதை நிறுத்திவிட்டேன்.

வரி என்றதும் இன்னொன்று. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. 2018 ஜூலையில் மின்நூலுக்கு 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தபோது, அச்சில் வந்த நூலின் மின்வடிவம்தான் மின்நூல் என்று விளக்கம் கொடுத்துவிட்டார்கள். அச்சுக்குக் காசில்லாமல் நேராக மின்நூல் போடுகிறவருக்குத்தான் அந்தச் சலுகை கிடையாது. 99 ரூபாய்க்குள் 18 சதவீத வரி என்றால் 15 ரூபாய். அமேசானில் விற்கும் பிரதியில் எழுதியவனுக்கு வருவதில் பாதி. இதைப் பற்றி உங்கள் நாளிதழ் ஒரு தலையங்கம் எழுதினால் நல்லது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். மின்நூல் போட்டவர்களின் அனுபவத்தை அடுத்த முறை வெளியிடும்போது, எத்தனை லைக் என்று கேட்காதீர்கள். விளம்பரத்துக்குப் போனது எவ்வளவு, ராயல்டியாக வந்தது எவ்வளவு என்ற இரண்டு தொகையையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். என் கணக்கு வேண்டுமென்றால் நோட்டோடு தருகிறேன்.

இப்படிக்கு,
மோட்டார் ரீவைண்டிங் கடைக்காரர் ஒருவர்,
உடுமலைப்பேட்டை.