தொட்டியை எடுத்த பிறகும்

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இந்தச் சுற்று நிலத்தடி நீர் மாதிரி எடுக்கும் வேலை நேற்றுத்தான் முடிந்தது. முழங்கால் வலிக்கிறது என்று எழுதியிருந்தாய். சோதனைக்காகப் போட்ட குழாய்க் கிணறுகளின் மூடிகளுக்கு முன்னால் குந்திக் குந்தி எனக்கும் அதே கதைதான். பேத்திக்கு என் முத்தங்கள். பெயர் வைத்ததும் எழுது.

அப்புறம், "தொட்டியைத்தான் தோண்டி எடுத்தாயிற்றே, இன்னும் அங்கே உனக்கு என்ன வேலை?" என்று கேட்டிருந்தாய். இடத்துக்காரரும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறார், உன் அளவுக்கு அன்பாக இல்லை.

போனது மண்ணுக்கடியில் இருந்த பெட்ரோல் தொட்டி மட்டும்தான். இரும்பு துருப்பிடித்தும், குழாய் மூட்டுகள் தளர்ந்தும் வருஷக்கணக்கில் கசிந்த பெட்ரோல் மண்ணில்தான் இருக்கிறது. தண்ணீரைவிட லேசானது என்பதால் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கும். கோடையில் மட்டம் இறங்கினால் இதுவும் கூடவே இறங்கும். மழைக்குப் பிறகு மட்டம் ஏறும்போது முழுவதும் ஏறி வராது. கொஞ்சம் மண் துகள்களுக்கு நடுவே சிக்கி, தண்ணீருக்கு அடியிலேயே தங்கிவிடும். அங்கிருந்து பெட்ரோலிலுள்ள பென்சீன், டொலுவீன் என்ற நச்சுப் பொருட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். குடிநீரில் பென்சீன் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டுப் பார்: ஒரே ஒரு கிராம் போதும், ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும்.

இதில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்திருக்கிறேன், உன்னிடம் சொன்னதில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிது. மழைக்காலத்தில் ஒரு கிணற்றில் அடுத்தடுத்து இரண்டு முறை எண்ணெய்ப் படலமே இல்லை. 'சுத்தம், மூடிவிடலாம்' என்று அறிக்கை எழுதிக் கொண்டுபோனேன். மேலதிகாரி ஒன்றுதான் கேட்டார்: "நீர்மட்டம் எங்கே நின்றது?" குழாயில் தண்ணீர் நுழையத் துளை போட்ட பகுதிக்கும் மேலே நின்றது! மிதப்பது எப்படி உள்ளே வரும்? கோடையில் அதே குழாயில் பெய்லரை, அதாவது தண்ணீர் மொள்ளும் குழலை, இறக்கி ஏற்றினேன். தண்ணீருக்கு மேல் விரற்கடை உயரத்துக்குப் பழுப்பு நிறத்தில் பெட்ரோல். அந்த வாடை இரண்டு நாள் என் சட்டையை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து நீர்மட்டம் எழுதாத முடிவு எதையும் நான் படிப்பதே இல்லை.

மாதிரி எடுப்பதும் பொறுமையைச் சோதிக்கிற வேலை. 40 மில்லி கண்ணாடிக் குப்பி. வாயில் தண்ணீர் குமிழாய்த் திரண்டு நிற்கும்வரை மெதுவாக ஊற்றி, மூடி, தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். காற்றுக்குமிழி தெரிந்தால் அந்தக் குப்பி வேண்டாம், வேறு எடுக்க வேண்டும். பென்சீன் சுலபமாக ஆவியாகிறது. அந்தக் குமிழிக்குள் போய் ஒளிந்துகொண்டால் தண்ணீரில் குறைவாக இருப்பதாக ஆய்வகம் சொல்லிவிடும். சரி, நேற்று நான்கு குப்பிகளைக் கொட்டினேன். கண் பழைய மாதிரி இல்லை.

நல்ல செய்தியும் உண்டு. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் இந்த எண்ணெயைத் தின்கின்றன. நடுக் கிணற்றில் கரைந்த ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லவே இல்லை, கரைந்த இரும்பு கூடியிருக்கிறது. கீழே பந்தி நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ஆக்சிஜன் தீர்ந்ததும் நைட்ரேட், இரும்பு, சல்பேட் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்கின்றன. சம்பளமே வாங்காத வேலைக்காரர்கள். ஆனால் பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற பொருள் மட்டும் அவற்றிடம் எளிதில் சிக்காது. தண்ணீரோடு தண்ணீராக எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடிவிடும். அதனால்தான் நீர் ஓடும் திசையில் தள்ளி ஒரு கிணறு போட்டுக் காவல் வைத்திருக்கிறோம்.

இடத்துக்காரர் இன்று காலையும் போன் செய்தார். இன்னும் ஒரு கோடை பார்க்க வேண்டும் என்றேன். பட்டென்று வைத்துவிட்டார். ஆய்வக முடிவு வந்ததும் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு உன்னிடம் வருகிறேன். தரையில் மட்டும் உட்காரச் சொல்லாதே.

உன்,
வசந்தி